ரிப்பன் கட்டிய கணினி

டியேனி எங்கள் விதைப் பரிசோதனை நிலையத்துக்கு வந்தபோது அதைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். ஒரு சுற்று திரையின் குறுக்கே போனது. இன்னொரு சுற்று விசைப்பலகையைப் பெட்டியோடு சேர்த்து இறுக்கியிருந்தது. முடிச்சு சரியாக மின்பொத்தானின் மேல் உட்கார்ந்திருந்தது.

டியேனி என்றால் எங்கள் மொழியில் "வாங்க, போகலாம்." தலைமையகத்தில் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த பெயர். இனி வந்த விதையைப் பதிவது, அதற்கு எண் கொடுப்பது, சோதனை முடிவை எழுதுவது, சான்றிதழ் வழங்குவது எல்லாம் டியேனியில்தான் நடக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பழைய பதிவேடுகளும் சான்றிதழ்ப் புத்தகங்களும் ரப்பர் முத்திரைகளும் ஒரு பிக்கப்பில் ஏறித் தலைநகர் லிலோங்வேக்குப் போயின. அதே உறையில் இரண்டாவது உத்தரவும் இருந்தது. டியேனியைக் கௌரவ விருந்தினர் வந்து ரிப்பன் வெட்டித் தொடங்கி வைப்பார். அதுவரை யாரும் தொடக் கூடாது. தேதி பின்னர் தெரிவிக்கப்படும். இரண்டிலும் ஒரே கையெழுத்து.

இதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. எங்கள் ஊர் சிம்வாலாவில் புதுப் பாலம் கட்டி முடித்து ரிப்பன் கட்டியிருக்கிறது. மக்கள் அதன் நிழலில் ஆற்றில் இறங்கி நடந்து போகிறார்கள். புதுப் பிரசவ வார்டின் பூட்டிய கதவுக்கு வெளியே, வராந்தாவில் பிறந்த ஒரு குழந்தைக்கு இப்போது பல் முளைத்துவிட்டது. ரிப்பன் கட்டிய பொருளைத் தொடக் கூடாது என்பது எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

டியேனிக்குப் பின்னால் லக்சன் வந்தார். தலைமையகத்தின் ஏற்பு ஊக்குவிப்பு அதிகாரி. பணியாளர்கள் புதிய முறையை மனதார ஏற்றுக்கொள்ளச் செய்வது அவர் வேலை. முதல் நாள் எங்களை வட்டமாக உட்கார வைத்தார்.

"பயத்த வெளிய சொல்லுங்க. உள்ளேயே வச்சுக்காதீங்க."

எங்களுக்குப் பயம் ஒன்றும் இல்லை. அவர் விடாமல் காத்திருந்தார். மதிய உணவு நேரம் தாண்டியது. சோதனைக்கூடத்தில் என்னோடு வேலை செய்யும் கெட்சன், கடைசியில், தனக்குப் பாம்பு என்றால் பயம் என்றார். லக்சன் அதைக் குறித்துக்கொண்டு, முதல் படியைத் தாண்டிவிட்டோம் என்று கை தட்டச் சொன்னார்.

கணினியைத் தொட முடியாது என்பதால் பயிற்சிக்கு அட்டையில் விசைப்பலகை வரைந்து எடுத்து வந்திருந்தார். தினமும் காலை ஜெபம் முடிந்ததும் எல்லோரும் அட்டையை மடியில் வைத்துத் தட்டினோம். லக்சன் சுவரில் ஒட்டிய படத்தைக் குச்சியால் காட்டுவார். "பெயர். கடவுச்சொல். உள்ளே நுழைந்துவிட்டோம்." நாங்கள் உள்ளே நுழைந்துவிட்டதாகத் தலையாட்டுவோம். ஒருநாள் கெட்சன் கை தூக்கினார். எங்கள் ஊரில் ஐயா என்பதற்குப் புவானா என்போம்.

"என்னோடது நின்னு போச்சு, புவானா. தட்டத் தட்ட ஒண்ணும் வரல."

லக்சன் குனிந்து பார்த்துவிட்டு வேறு அட்டை கொடுத்தார்.

ஜக்கரண்டா மரங்கள் பூக்கத் தொடங்கிய நாட்களில் எனலேசி அமாயி, அதாவது எனலேசி அம்மா, வந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள் விதைக் கூட்டுறவின் தலைவி. தலையில் மாதிரி மூட்டை, இடுப்புவரை ஈரம். பாலத்துக்கு அடியில்தான் வந்திருந்தார். அந்தப் பெண்கள் முதல் முறையாக மக்காச்சோள விதை பயிரிட்டிருந்தார்கள். பக்கத்து வயல் மகரந்தம் கலக்காமல் இருக்கத் தங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கான மக்காச்சோளத்தையே அந்தப் பருவம் போடாமல் விட்டிருந்தார்கள். சான்றிதழ் கிடைத்தால் ஒவ்வொரு மூட்டையிலும் சான்று அட்டை கட்டலாம். அட்டை இருந்தால் கடைக்காரர்கள் முதல் மழைக்கு முன்னால் விதையாக வாங்குவார்கள். அட்டை இல்லாவிட்டால் அது வெறும் தானியம். மழை தொடங்கிய பிறகு அட்டை கிடைத்தும் பயனில்லை, எல்லோரும் விதைத்து முடித்திருப்பார்கள்.

நான் மாதிரியை வாங்கி மேசைமேல் வைத்தேன். எண் டியேனியில்தான் வரும் என்றும், டியேனி இன்னும் திறக்கவில்லை என்றும் சொன்னேன். அவர் ரிப்பனைப் பார்த்தார்.

"எப்பத் தெறப்பாங்க?"

"தேதி சொல்லுவாங்க, அமாயி."

"பாலத்துக்கும் அப்பிடித்தான் சொன்னாங்க," என்றார். திட்டிச் சொல்லவில்லை. பாவாடைத் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

எண் இல்லாத விதையைச் சோதிக்கக் கூடாது. ஆனால் மழைக்கு முன்னால் சோதனையாவது முடிந்திருந்தால், ரிப்பன் வெட்டிய அன்றே சான்றிதழ் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். முளைப்புச் சோதனைக்கு ஈரமான தாளில் விதைகளைப் பரப்பிச் சுருட்டி வைப்போம். தாளை எடுக்க அலமாரியைத் திறந்தபோது அது காலியாக இருந்தது. முந்தின நாள்தான் காகிதமில்லா அலுவலக நாள் கொண்டாடியிருந்தோம். லக்சன் எல்லாக் காகிதத்தையும் சேர்த்துத் தன் அறையில் பூட்டியிருந்தார். நான் போய்க் கேட்டேன். இது எழுதும் காகிதம் இல்லை, விதை முளைக்க வைக்கும் காகிதம் என்று விளக்கினேன்.

"காகிதந்தானே, சிஸ்டர்?"

"ஆமா."

"அப்ப குடுக்க முடியாது. ஒருத்தருக்கு விதிவிலக்கு குடுத்தா, நாளைக்கு எல்லாரும் விதை போட ஆரம்பிச்சிடுவாங்க."

மணலிலும் முளைக்க வைக்கலாம். ஆனால் சோதனைக்கூடத்தின் மணல் முழுவதும் விருந்தினரின் கார் நிற்கும் இடத்தைச் சமப்படுத்தப் போயிருந்தது. மிச்சம் இருந்தது துணி. விழாவன்று பெண் பணியாளர்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ள எல்லோருக்கும் ஒரு சித்தேஞ்சே கொடுத்திருந்தார்கள். மஞ்சள் துணி. அதில் வரிசை வரிசையாகச் சிரிக்கும் கணினிகள். நான் என்னுடையதைத் துவைத்து, கொதிநீரில் போட்டு எடுத்து, எனலேசி அமாயியின் விதைகளை அதில் பரப்பிச் சுருட்டினேன்.

ஒரு வாரத்தில் சுருளைப் பிரித்தபோது ஏறக்குறைய எல்லாம் முளைத்திருந்தன. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. அவ்வளவு நல்ல விதை அந்த ஆண்டு எங்கள் மேசைக்கு வரவில்லை. கெட்சன் கூடக் கேலி எதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது லக்சன் உள்ளே வந்தார். சிரிக்கும் கணினிகளின் மேல் வெள்ளை வேர்களும் பச்சைக் குருத்துகளும் கிடந்தன. அவர் பல கோணங்களில் படம் எடுத்தார். அந்தப் படம் தலைமையகத்தின் மாத இதழில் வந்தது. கீழே எழுதியிருந்தது: "பணியாளர் ஒருவர் டியேனியைத் தன் அன்றாட வேலையில் பயன்படுத்துகிறார்."

இருந்தாலும் எங்கள் நிலையத்தின் பயன்பாட்டு அளவு பூஜ்யம் என்று லிலோங்வேயிலிருந்து கண்டனம் வந்தது. யாருமே உள்ளே நுழையவில்லையாம். லக்சன் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். அவரிடம் ஏணிப் படம் ஒன்று இருந்தது. அடிப்படியில் அறியாமை, அதற்கு மேல் பயம், மறுப்பு, பேரம், உச்சியில் ஏற்பு.

"டியேனிய ஏன் பயன்படுத்தல?"

"ரிப்பன் இருக்கு."

"ரிப்பன விடுங்க. உங்க மனசுல என்ன தடை?"

"மனசுல ஒண்ணும் இல்ல. பொத்தான் மேல முடிச்சு இருக்கு."

அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். "எல்லா ஊர்லயும் இப்பிடித்தான், சிஸ்டர். வெளியில ஒரு காரணம் காட்டுவாங்க. சில ஊர்ல கரன்ட் இல்லம்பாங்க. ஒரு ஊர்ல கம்ப்யூட்டரே வரலன்னாங்க. ஆழமா தோண்டுனா பயந்தான் இருக்கும்."

என்னை மறுப்புப் படியில் போட்டார். கெட்சனுக்குப் பாம்பு பயம் ஏற்கெனவே பதிவாகியிருந்ததால் அவர் எனக்கு ஒரு படி கீழே.

தேதி வந்தது. பிறகு தள்ளிப்போனது. முதல் முறை வேறு ஒரு பெரிய மனிதரின் இறுதிச் சடங்கு. இரண்டாம் முறை, அரசுப் பணிகளை விரைவுபடுத்துவது பற்றிய மாநாட்டுக்காகக் கௌரவ விருந்தினர் ஜெனீவா போயிருந்தார். மூன்றாம் முறை அவர் வரத் தயார், ஆனால் ஷாமியானா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. ஒவ்வொரு முறையும் நாங்கள் வரவேற்புப் பாட்டை ஒத்திகை பார்த்தோம். ஒவ்வொரு முறையும் எனலேசி அமாயி ஆற்றில் இறங்கி வந்து, ரிப்பனைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். மாம்பழம் பழுத்தது. மலைக்கு மேல் மேகம் கட்டத் தொடங்கியது.

அந்த வாரம் அவர் திரும்பிப் போக மறுத்துவிட்டார். என்னையும் இழுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனார். டாக்டர் சிபோஜோலா எங்களை அன்பாக உட்காரச் சொன்னார். அவர் மேசையில் காகிதம் ஒன்றுகூட இல்லை. ஒரு கத்தரிக்கோல் மட்டும் வெல்வெட் தலையணை மேல் இருந்தது.

நான் முளைப்பு முடிவைச் சொன்னேன். ரிப்பனைக் கொஞ்சம் நகர்த்தினால் பொத்தானை அழுத்திவிடலாம், வேலை முடிந்ததும் பழையபடி வைத்துவிடலாம் என்றேன். இல்லாவிட்டால் கையால் எழுதி ஒரு சான்றிதழ்.

"கையாலயா?" இயக்குநர் வருத்தப்பட்டார். "வெள்ளக்காரன் போன பின்னாடி எத்தன வருஷம் ஆச்சு? இன்னும் கையால எழுதலாங்கறியே." பிறகு எனலேசி அமாயி பக்கம் திரும்பினார். "அமாயி, ஒண்ணு கேக்கறேன். கல்யாணத்துல மாப்பிள்ளை வர்றதுக்கு முன்னாடி கேக் வெட்டுவீங்களா?"

"புள்ளைங்க பசியில அழுதா வெட்டிடுவோம், புவானா."

"அதனாலதான் நாம இன்னும் முன்னேறல." அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இந்த ரிப்பன நானே இப்பவே அவுத்துடலாம். முடிச்சு எனக்குத் தெரியும், நான்தான் போட்டேன். ஆனா அப்புறம் விருந்தாளி வந்து எத வெட்டுவாரு? வெட்ட ஒண்ணும் இல்லன்னா அவரு வரமாட்டாரு. அவரு வரலன்னா டிவிக்காரங்க வரமாட்டாங்க. டிவி வரலன்னா டியேனி ஆரம்பிச்சதே யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாம ஒரு விஷயம் வேலை செஞ்சு என்ன பிரயோஜனம்? சொல்லுங்க."

எனலேசி அமாயி கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தார். இயக்குநர் அதைத் தன் பக்கம் மெல்ல நகர்த்திக்கொண்டார்.

"மழை வருது, புவானா," என்றார் எனலேசி அமாயி.

"வரட்டும். விதைக்குத் தூங்கத் தெரியும். நான் அதுலதான் டாக்டர் பட்டம் வாங்குனேன்."

சனிக்கிழமை பிற்பகல் மழை வந்தது. கூரைத் தகரத்தில் கல் கொட்டுவதுபோல் கொட்டியது. ஞாயிறு காலை ஊரே மண்வெட்டியோடு வயலில் நின்றது. திங்களன்று கௌரவ விருந்தினரின் தேதி உறுதியானது. வரும் வெள்ளி.

செவ்வாயன்று எனலேசி அமாயி வந்தார். இந்த முறை மாதிரி மூட்டையும் இல்லை, கேள்வியும் இல்லை. கூட்டுறவின் குடிசைக் கூரை ஒழுகுகிறது, மூட்டைகளில் ஈரம் ஏறினால் தானியமாகக் கூடப் போகாது என்பதால் எல்லாவற்றையும் விற்றுவிட்டார்கள். வாங்கியவர் விழாச் சாப்பாட்டுக்கு ஒப்பந்தம் எடுத்திருந்த பெண். விதைக்கு மருந்து பூசுவது சான்றிதழுக்குப் பிறகுதான், அதனால் தின்னலாம். மறுநாளே மாவு மில்லுக்குப் போய்விட்டது. அந்த ஒப்பந்தக்காரி நல்லவள், சமைக்கவும் இவர்களையே கூப்பிட்டிருக்கிறாள் என்று சொன்னார்.

"ஒரு பிடி கூட வச்சுக்கலயா, அமாயி?"

"வச்சு? வீட்ல போன வருஷம் சோளம் போடலம்மா. புள்ளைங்க தின்ன என்ன இருக்கு? விக்காதது அடுப்புல இருக்கு." பிறகு என் மேசைமேல் காய்ந்து கிடந்த மஞ்சள் துணிச் சுருளைப் பார்த்தார். "இதுவா எங்களோடது?"

ஆமாம் என்றேன். ஒரு முளையை எடுத்து, வேரிலிருந்து நுனிவரை விரலால் தடவிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

வெள்ளிக்கிழமை ஷாமியானா வந்தது. காலை ஒன்பது மணிக்கு நாங்கள் பாடத் தொடங்கினோம். மதியம் வண்டிகள் வந்தன. கௌரவ விருந்தினர் மாத்திரை போட வேண்டியிருந்ததால் நிகழ்ச்சி நிரலை மாற்றிச் சாப்பாட்டை முதலில் வைத்தார்கள். எனலேசி அமாயியும் கூட்டுறவுப் பெண்களும் பெரிய பானைகளிலிருந்து மக்காச்சோள மாவுக் களியான நிசிமாவைத் தட்டையாக எடுத்து எடுத்து வைத்தார்கள். பொரித்த சாம்போ மீனும் பூசணிக் கீரையும் தொட்டுக்கொள்ள. கௌரவ விருந்தினர் மீண்டும் கேட்டு வாங்கினார்.

"இப்பிடி வெள்ளையா, மெத்துன்னு நிசிமா லிலோங்வேல எங்க கெடைக்குது," என்றார். இயக்குநர் இது எங்கள் வட்டாரத்து மண் வாகு என்றார். லக்சன் விரல்களை நக்கிக்கொண்டிருந்தார். நான் சாப்பிடவில்லை என்று எழுத ஆசைதான். காலை ஒன்பது மணியிலிருந்து பாடியிருந்தேன்.

பிறகு உரைகள். டாக்டர் சிபோஜோலா பேசும்போது, பணியாளர்களின் பிடிவாதத்தை உடைக்கப் பட்ட பாட்டை விவரித்தார். மனிதர்கள் மாற்றத்துக்கு அஞ்சுகிறார்கள் என்றார். பூட்டிய கதவைத் திறக்கும் துணிவு தலைமைக்கு வேண்டும் என்றார். கௌரவ விருந்தினர் அதைவிடச் சுருக்கமாகப் பேசினார்.

"நண்பர்களே, இந்த நாட்டில் எதுவும் தாமதமாகிறது என்கிறார்கள். நான் கேட்கிறேன், நான் வந்துவிட்டேனா இல்லையா?"

கை தட்டினோம். வெல்வெட் தலையணை வந்தது. கத்தரிக்கோல் மழுங்கியிருந்ததால் ரிப்பன் வெட்டுப்படாமல் மடங்கியது. இயக்குநர் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார், முடிச்சு தானாக அவிழ்ந்தது. அவருக்குத்தான் அது தெரியுமே. டிவிக்காரர்களுக்காக மறுபடி கட்டி மறுபடி வெட்டினார்கள்.

ஷாமியானாவின் வெள்ளைத் திரையில் டியேனி பெரிதாகத் தெரிந்தது. நாட்டின் முதல் டியேனி சான்றிதழை ஓர் ஏழைப் பெண் விவசாயிக்கு வழங்குவது என்று முடிவு செய்திருந்தார்கள். எனலேசி அமாயியின் பெயர் ஆயத்தமாக இருந்தது. லக்சன் என்னிடம் முடிவைக் கேட்டுத் தட்டினார். முளைப்புத் திறன் தொண்ணூற்றாறு. தேர்ச்சி. கூட்டம் ஆரவாரித்தது. அச்சிடக் காகிதம் இல்லை. லக்சன் ஓடிப்போய்த் தன் அறையைத் திறந்து, என் முளைப்புத் தாளிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். அச்சுப்பொறி இருமி இருமி அதை வெளியே தள்ளியது.

எனலேசி அமாயியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவர் பானை கழுவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கௌரவ விருந்தினர் கேமரா பக்கம் பார்த்தபடி சான்றிதழை நீட்டினார்.

"அமாயி, உங்க விதை முதல் தரம்னு அரசாங்கமே சொல்லியாச்சு. இனி நாடு முழுக்க விதைக்கலாம். எங்க வச்சிருக்கீங்க அத?"

எனலேசி அமாயி முழங்கால் மடித்து வணங்கி, இரண்டு கையாலும் அதை வாங்கினார்.

"உங்களுக்குப் பிடிச்சுதுன்னு ரெண்டு தடவ வாங்குனீங்களே, புவானா. அதான்."

கௌரவ விருந்தினருக்குக் காதில் விழவில்லை, பாட்டு ஏற்கெனவே தொடங்கியிருந்தது. லக்சன் ஒலிபெருக்கியில், அமாயி ஆனந்தக் கண்ணீரோடு நன்றி சொல்கிறார் என்று அறிவித்தார். அவர் அழவில்லை. கழுவாத பானை ஒன்று மிச்சமிருந்ததால் சான்றிதழை இடுப்பில் செருகிக்கொண்டு கீழே இறங்கினார்.

டியேனி பதிவை முடிக்க மறுத்தது. கடைசியாக ஒரு கேள்வி பாக்கி இருந்தது. விதை தற்போது உள்ள இடம். கிடங்கு, கடை, வயல் என்று மூன்று கட்டங்கள். கீழே "வேறு" என்று ஒரு காலி இடம். லக்சன் மூன்றையும் அழுத்திப் பார்த்தார். ஒவ்வொன்றும் முகவரியும் பூட்டு எண்ணும் கேட்டது. விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சிஸ்டர், நீங்களே போடுங்க," என்று லக்சன் எழுந்து இடம் கொடுத்தார். "சீக்கிரம்."

நான் உட்கார்ந்தேன். முதல் முறையாக உண்மையான விசைகள். விரல்கள் தாமாகவே சரியான இடத்துக்குப் போயின, அட்டைப் பயிற்சி வீண் போகவில்லை. "வேறு" என்ற இடத்தில் தட்டினேன். வெள்ளைத் திரையில், மேடைக்கும் டிவிக்கும் தெரியும் பெரிய எழுத்தில் அது வந்தது.

வயிற்றில்.

டியேனி ஒரு நொடி சுழன்றது. பிறகு பச்சை விளக்குக் காட்டி, நன்றி, ஏற்றுக்கொள்ளப்பட்டது என்றது. எல்லோரும் கை தட்டினார்கள். லக்சன் தன் ஏணிப் படத்தை எடுத்து, மறுப்புப் படியிலிருந்த என் பெயரை அடித்துவிட்டு உச்சிப் படியில் எழுதினார்.